முத்துலட்சுமி ரெட்டியின் சட்டசபை ஆண்டுகள்: ஒரு நியமன உறுப்பினரால் முடிந்ததும் முடியாததும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் வரும் இடமெல்லாம் ‘முதல் பெண்’ என்ற அடைமொழியும் கூடவே வந்துவிடுகிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டசபை ஒன்றில் அமர்ந்த முதல் பெண் அவர் என்பது உண்மைதான். (சமஸ்தானங்களையும் சேர்த்துப் பார்த்தால் திருவிதாங்கூரில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அவருக்குச் சில ஆண்டுகள் முந்தியவர்.) ஆனால் இந்த அடைமொழி அவருக்கு நன்மை செய்ததைவிட, அவர் செய்த வேலையை மறைத்ததே அதிகம் என்று தோன்றுகிறது. சென்னை மாகாணச் சட்டசபையில் அவர் இருந்தது 1927 தொடக்கம் முதல் 1930 மே வரை, அதாவது ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள். அந்தக் குறுகிய காலத்தில், தனக்கென்று தொகுதியோ கட்சியோ இல்லாத ஓர் உறுப்பினர் எந்தக் கருவிகளைக் கொண்டு எதைச் சாதித்தார், எந்த இடத்தில் தடைப்பட்டு நின்றார் என்பதைப் பார்த்தால், அவரைப் பற்றி மட்டுமன்றி, சட்டமியற்றுதல் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம்.

அவர் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், கோயில் ஆடல் மரபோடு தொடர்புடைய குடும்பத்திலிருந்து வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்துவந்த அந்தக் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியே வழி திறந்தது. பிறகு 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மேற்படிப்புக்காக லண்டன் சென்று, பாரிஸில் 1926-இல் நடந்த அனைத்துலகப் பெண் வாக்குரிமை மாநாட்டில் கலந்துகொண்டு திரும்பிய நேரத்தில்தான் சட்டசபைக் கதவு அவருக்காகத் திறந்தது.

அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை தரவில்லை. அதைத் தருவதா வேண்டாமா என்ற முடிவை ஒவ்வொரு மாகாணச் சபையின் பொறுப்பிலும் விட்டுவிட்டது. சென்னைச் சபை 1921-இலேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. ஆனால் சொத்தும் வரியும் அடிப்படையாக இருந்ததால் வாக்காளர் பட்டியலில் ஏறிய பெண்கள் மிகச் சிலரே. தேர்தலில் நிற்கும் உரிமை அதற்கும் பின்னர், 1926-இல்தான் கிடைத்தது. அந்த ஆண்டின் தேர்தலில் மங்களூரில் சுயேச்சையாக நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். பெண் ஒருவர் வென்று வருவது அந்தத் தேர்தலில் நடக்கவில்லை. எஞ்சியிருந்த வழி நியமனம். அடையாறில் 1917-இல் தொடங்கப்பட்டிருந்த இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரை முன்வைத்தது. ஆளுநராக இருந்த கோஷன் பிரபுவின் அரசு அவரை நியமித்தது.

அன்றைய சபை ஓர் அவை மட்டுமே கொண்டது. மொத்த உறுப்பினர்கள் 132 பேர். அவர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மீதமுள்ள 34 பேர் நியமனம் பெற்றவர்கள். 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களைப் பெற்று முதலிடத்தில் வந்தும் பதவியேற்க மறுத்துவிட்டது. நீதிக்கட்சி 21 இடங்களோடு சுருங்கிப்போயிருந்தது. ஆகவே டாக்டர் சுப்பராயன் தலைமையில் கட்சி சாராத ஓர் அமைச்சரவையை ஆளுநர் அமைத்தார். இப்படிப்பட்ட அமைச்சரவை நியமன உறுப்பினர்களின் ஆதரவு இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. இதனாலேயே தேசியவாதிகளின் பார்வையில் நியமன உறுப்பினர் என்றால் அரசாங்கத்தின் கையாள் என்று பொருள். முத்துலட்சுமி அந்த வரிசையில்தான் உட்கார வேண்டியிருந்தது. அவை கூடியதும் அவர் ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது மரியாதை தரும் பதவிதான். ஆனால் வாக்குகளைத் திரட்டித் தரும் பதவி அல்ல.

தொகுதி இல்லாதது அவருக்குப் பலமாகவும் இருந்தது, பலவீனமாகவும் இருந்தது. மறுதேர்தலைப் பற்றிய கவலை இல்லாததால், கோயில் தர்மகர்த்தாக்களையோ மிராசுதார்களையோ பகைத்துக்கொண்டால் அடுத்த முறை என்னவாகும் என்று அவர் கணக்குப் போட வேண்டியதில்லை. அதேசமயம், தன் பின்னால் இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லி அவையை மிரட்டவும் முடியாது. மாதர் சங்கத்தின் கிளைகளிலிருந்து வரும் தீர்மானங்களும் மனுக்களுமே அவருடைய தொகுதியாக இருந்தன. ஒவ்வொரு பிரச்சினையிலும் அவர் அந்த மனுக்களை முன்கூட்டியே திரட்டிக்கொண்டு வந்ததற்கு இதுவே காரணம்.

அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களின் பட்டியல் நீளமானது: பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை, குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனை, திருமண வயதை உயர்த்துதல். இவற்றுள் பெரும்பாலானவை தீர்மானங்கள். தீர்மானம் என்பது அரசுக்கு அவை தரும் பரிந்துரை; அதை ஏற்பதும் விடுவதும் அரசின் விருப்பம். அன்றைய இரட்டையாட்சி முறையில் நிதி ஆளுநரின் கையில் இருந்தது. கல்வியும் மருத்துவமும் அமைச்சர்களின் கையில் இருந்தன. பணம் ஒரு பக்கமும் பொறுப்பு மறுபக்கமும் இருக்கும் ஓர் அமைப்பில், செலவு பிடிக்கும் எந்தத் தீர்மானமும் பாராட்டைப் பெற்றுவிட்டுக் கோப்பில் உறங்குவது இயல்பு. குழந்தை மணத்தைப் பொறுத்தவரை மாகாணச் சபையால் மத்திய அரசுக்குக் கருத்துச் சொல்ல மட்டுமே முடிந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயதை வரையறுத்த சாரதா சட்டம் 1929-இல் மத்திய சட்டசபையில்தான் நிறைவேறியது. சென்னையிலிருந்து போன குரல் அதற்கு ஒரு துணை, அவ்வளவே.

அவருடைய உண்மையான சட்டமியற்றும் திறமை வெளிப்பட்ட இடம், சிறுமிகளைக் கோயிலுக்கு அர்ப்பணித்துத் தேவதாசிகளாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைப் பற்றியது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அவரும் அவையில் மோதிக்கொண்டதாகவும், முத்துலட்சுமி ஒரே வரியில் அவரை வாயடைத்ததாகவும் ஒரு கதை இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டங்கள் பதிலடிகளால் நிறைவேறுவதில்லை. அவர் வென்றது சற்றே சலிப்பூட்டும் ஒரு வழியில், நிலவரிக் கணக்கின் வழியாக.

பின்னணியைப் பார்ப்போம். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. சிறார்களைப் பாலியல் தொழிலுக்காக விற்பதையும் வாங்குவதையும் தண்டிக்கும் 372, 373 ஆகிய பிரிவுகள் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தன. அவற்றில் 16 என்றிருந்த வயது வரம்பு 1924-இல் 18 ஆக உயர்த்தவும்பட்டது. ஆனால் பொட்டுக்கட்டும் சடங்கு மதச் சடங்காக நடந்தது. அதன் நோக்கம் இன்னதுதான் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிய சுமை வழக்குத் தொடுப்பவர் மேல் விழுந்தது. குடும்பமும் கோயிலும் ஊராரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒன்றுக்கு எதிராகச் சாட்சி சொல்ல யார் வருவார்கள்? 18 வயது நிறைந்த பிறகு சடங்கு நடத்தினால் அந்தப் பிரிவுகளும் பாயாது.

முத்துலட்சுமி 1927 நவம்பரில் கொண்டுவந்த தீர்மானம், இந்த வழக்கத்தை நிறுத்தச் சட்டம் இயற்றுமாறு அரசை வேண்டியது. அவை அதை ஏற்றது. எனினும் அது பரிந்துரைதான். தண்டனைச் சட்டத்தைத் திருத்துவது மாகாணச் சபையால் எளிதில் ஆகக்கூடிய காரியமும் அல்ல; அனைத்திந்தியச் சட்டங்களில் கை வைக்க வேண்டுமானால் தலைமை ஆளுநரின் முன் அனுமதி தேவை. மத விவகாரங்களில் தலையிடுவதற்கு ஆங்கிலேய அரசு எப்போதும் தயங்கிற்று. அந்தத் தயக்கத்துக்கு எதிரே ஒரு தனி உறுப்பினரின் மசோதா எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இந்த நிலையில் அவர் தேர்ந்தெடுத்த பாதை கெட்டிக்காரத்தனமானது. நீதிக்கட்சி ஆட்சியில் 1925-இல் நிறைவேறி, சட்டச் சிக்கல்களால் 1927-இல் மீண்டும் இயற்றப்பட்ட சென்னை இந்து சமய அறநிலையச் சட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. அது மாகாணச் சபையின் சொந்தச் சட்டம். கோயில்களின் சொத்துகளை மேற்பார்வையிட அரசுக்கு அதிகாரம் உண்டு என்ற கொள்கையை அவை ஒருமுறை பெரும் சண்டைக்குப் பிறகு ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்த்தால் புதிதாக எந்தக் கொள்கையையும் நிலைநாட்ட வேண்டியதில்லை.

எங்கே திருத்துவது என்பதற்கு விடை நிலத்தில் இருந்தது. கோயில்களில் ஆடல், பாடல் ஊழியம் செய்த பெண்கள் பலருக்கு ஊழிய மானியமாக நிலம் விடப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், மானிய நிலங்களை ஆராய அரசு அமைத்த இனாம் கமிஷன் இத்தகைய மானியங்களைப் பதிவு செய்தபோது, ஊழியம் நடக்கும்வரைதான் நிலம் என்ற நிபந்தனை உறுதிப்பட்டது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு தலைமுறை வயதாகி ஓய்ந்ததும், அடுத்த தலைமுறையில் ஒரு பெண் பொட்டுக் கட்டிக்கொள்ளாவிட்டால் குடும்பம் நிலத்தை இழக்கும். வழக்கத்தை விட்டுவிட மனமிருந்த குடும்பங்களைக்கூட நிலம் பிடித்து வைத்திருந்தது. பக்தியையும் மரபையும் பற்றி இரண்டு தரப்பும் பேசிய அளவுக்கு இந்த மானியக் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. முத்துலட்சுமியின் திருத்தம் அதைத்தான் தொட்டது.

1929-இல் ஐந்தாவது சட்டமாக நிறைவேறிய அந்தத் திருத்தம், தேவதாசிகள் அனுபவித்துவந்த மானிய நிலங்களை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்தது. நிலம் அவர்களுக்கே உரியதாகும். அதற்கு ஒரு தீர்வை விதிக்கப்படும். கோயிலில் ஊழியம் செய்ய வேண்டும் என்ற கடமை அத்தோடு தீர்ந்துபோகும். சிறைத் தண்டனை இல்லை, அபராதம் இல்லை, சடங்கைத் தடைசெய்யும் வாசகம்கூட இல்லை. வழக்கத்தைக் குற்றம் என்று சொல்லாமலே, அதைத் தொடர்வதற்கான பொருளாதாரக் கட்டாயத்தை மட்டும் அது அறுத்துவிட்டது. அவருடைய சட்டசபை வாழ்க்கையின் உச்சம் இதுதான் என்பது என் கருத்து. பின்னால் வந்த தடைச் சட்டம் புகழ்பெற்ற அளவுக்கு இது புகழ்பெறவில்லை. ஆனால் ஒரு சமூக வழக்கத்தின் முடிச்சு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, கையில் இருக்கும் அதிகாரத்துக்குள்ளேயே அதை அவிழ்த்ததற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அந்தச் சபையின் வரலாற்றில் அரிது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. நிலம் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே இந்தச் சட்டத்தால் விடுதலை. மானியம் ஏதுமின்றி, கோயிலோடு பெயரளவில் மட்டும் தொடர்புடையவர்களாக இருந்த பெண்களுக்கு இதனால் எதுவும் மாறவில்லை. ஆகவே 1930 தொடக்கத்தில் அவர் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது பொட்டுக்கட்டுவதையே நேரடியாகத் தடுக்க முனைந்தது. அது கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டிருந்த காலத்திலேயே நாட்டின் அரசியல் வேறு திசையில் திரும்பிவிட்டது.

எதிர்ப்பு பழமைவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் சித்திரம் பொய்யாகிவிடும். சென்னையில் தேவதாசிகள் 1927-இலேயே சங்கம் அமைத்து அரசுக்கு மனு அளித்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முன்னணியில் இருந்தவர். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் எழுப்பியவரும் அவரே. தங்களையும் பாலியல் தொழிலையும் ஒன்றாகப் பார்ப்பது தவறு என்பது அவர்களின் வாதத்தில் முதன்மையானது. தங்கள் குலத்தில் பெண்ணுக்குச் சொத்துரிமை இருக்கிறது, பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமை இருக்கிறது, கல்வியும் கலையும் பரம்பரையாக வருகின்றன. குறைகளைத் திருத்தக் கல்வி கொடுங்கள், தடை வேண்டாம் என்றார்கள். அன்றைய சாதாரண இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு இந்த உரிமைகள் பெரும்பாலும் இல்லை என்பதை எண்ணும்போது இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அதே சமூகத்திலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், தானே அந்த வாழ்க்கையிலிருந்து வெளியேறி, அதற்கு எதிராக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார் என்பதும் அதே அளவு உண்மை. சமூகத்துக்குள்ளேயே கருத்து பிளந்திருந்தது.

ஆனால் அந்தப் பெண்களில் ஒருவருக்கும் அவையில் இடம் இல்லை. மனு கொடுக்கலாம், நாளிதழுக்கு எழுதலாம். விவாதத்தில் எழுந்து பேச முடியாது. பெண்கள் அனைவரின் சார்பிலும் பேசும் ஒரே உறுப்பினராக முத்துலட்சுமி இருந்தார். அந்த நிலை அவர் உருவாக்கியதல்ல. எனினும் அவருடைய பேச்சுகளில் தேவதாசிப் பெண் பெரும்பாலும் மீட்கப்பட வேண்டியவளாகவே வருகிறாள், கலந்தாலோசிக்கப்பட வேண்டியவளாக வருவது குறைவு. மருத்துவராக அவர் பார்த்த நோயும், இளம் சிறுமிகளின் நிலையும் அந்தப் பார்வையைக் கூர்மையாக்கின. அதே பார்வை அவருடைய காதுகளை ஓரளவு மூடவும் செய்தது. இந்தக் கேள்வி 1932-இல் நாளிதழ்களில் வேறு வடிவம் எடுத்தது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர், வழக்கத்தை ஒழிப்பதற்காகக் கலையையும் சேர்த்து அழிக்கலாகாது என்று வாதிட்டார். முத்துலட்சுமி அதற்கு மறுப்பு எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் தேவதாசிகளின் நடனமான சதிர் பரதநாட்டியமாகி சபா மேடைகளுக்கு ஏறியது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பங்களில் மிகச் சிலரே அதோடு சேர்ந்து மேடை ஏறினார்கள்.

சட்டசபைக்குத் திரும்புவோம். 1930-இல் நிறைவேறிய, விபசார விடுதிகளை ஒடுக்கும் மாகாணச் சட்டத்துக்கும் அவர் கடுமையாக உழைத்தார். அதே ஆண்டில் உப்புச் சத்தியாகிரகம் வெடித்தது. மே மாதம் 5-ஆம் தேதி காந்தி கைது செய்யப்பட்டதும், அதைக் கண்டித்து அவர் உறுப்பினர் பதவியையும் துணைத் தலைவர் பதவியையும் துறந்தார். அரசு நியமித்த ஓர் உறுப்பினர் அரசைக் கண்டித்து வெளியேறுவது, அவரை அரசின் கையாள் என்று நினைத்தவர்களுக்கு ஒரு பதிலாக அமைந்தது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை, பாதியில் நின்றுபோன அந்த மசோதா. கொண்டுவந்தவர் அவையில் இல்லாத தனி மசோதாவைத் தூக்கிப் பிடிக்க வேறு யாருக்கும் அவசரம் இல்லை. அவர் தங்கியிருந்தால் மசோதா நிறைவேறியிருக்குமா என்று கேட்கலாம். அரசின் தயக்கத்தையும் அந்தச் சபையின் ஆயுள் முடியும் தறுவாயில் இருந்ததையும் கருதினால், நிறைவேறியிருக்கும் என்று துணிந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தன் அனுபவங்களை அவர் அதே 1930-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு, பொட்டுக்கட்டுவதிலிருந்து தப்பித்து வந்த சிறுமிகளை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ள மறுத்தபோது, அவர்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துத் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். சட்டத்தால் வெளியே கொண்டுவரப்படும் பெண்ணுக்குப் போய்ச்சேர ஓர் இடம் வேண்டும் என்ற, அவையில் யாரும் கேட்காத கேள்விக்கு அவர் தேடிய விடை அது. தங்கை புற்றுநோயால் இறந்த துயரிலிருந்து முளைத்த எண்ணம் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1956-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22 அன்று அவர் காலமானார். இந்தப் பிற்கால வாழ்க்கை நன்கு எழுதப்பட்ட ஒன்று. இங்கே அதை விரித்துரைக்கத் தேவையில்லை.

அவர் நுழைந்த வாசல் இன்று தமிழ்நாட்டில் இல்லை. மேலவை 1986-இல் கலைக்கப்பட்டது. ஆங்கிலோ இந்தியருக்கான நியமன இடமும் 2020-இல் முடிவுக்கு வந்தது. இப்போது சட்டமன்றத்துக்குள் செல்லத் தேர்தலைத் தவிர வேறு வழி கிடையாது. ஜனநாயகத்தின் கணக்கில் அது சரியே. ஆனால் 2021 தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர்தான் என்பதைப் பார்க்கும்போது, 1926-இல் மங்களூரில் கமலாதேவி எதிர்கொண்ட சிக்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பது தெரிகிறது.

பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் மசோதா 1937-க்குப் பிறகு காங்கிரஸ் ஆட்சியின்போது மீண்டும் அவைக்கு வந்தது. அமைச்சரவை 1939-இல் பதவி விலகியதால் மறுபடியும் நின்றது. கடைசியில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த 1947-இல்தான் சென்னை தேவதாசிகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடுவது சட்டவிரோதம் என்று அறிவித்ததோடு, ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண் செய்துகொள்ளும் திருமணமும் செல்லும் என்று அது உறுதிசெய்தது. கோயில் வளாகத்தில் பெண்கள் ஆடுவதையும் தடுத்தது. முதல் தீர்மானத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள். அந்த இடைவெளியின் பெரும்பகுதியில் நடைமுறையில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தது 1929-இன் அந்த நிலத் திருத்தம் மட்டுமே.